டிப்ஸ்டிக் பெரியவர்

பெங்களூரு அடுக்ககங்களின் அடித்தள வாகன நிறுத்தத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை பால் பாக்கெட் வந்து சேரும் வேளையில் ஒரே ஒரு காரின் பானெட் மட்டும் திறந்து கிடக்குமானால், அதற்குள் தலையை விட்டுக் குனிந்திருப்பவர் டிப்ஸ்டிக் பெரியவர் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் ஓய்வுபெற்று, அல்சூரின் வாடகை வீட்டைக் காலிசெய்து, மகன் வாங்கிய அடுக்ககத்துக்குக் குடிவந்தவர் அவர். டயர்க் காற்று, பெட்ரோல் கணக்கு, வைப்பர் ரப்பர் ஆகியவற்றிலும் அவருக்கு உறுதியான கருத்துகள் உண்டு என்றாலும், அவை அனைத்தும் துணைப்பாடங்களே. முதன்மைப் பாடம் எஞ்சின் ஆயிலின் மட்டம்.

டிப்ஸ்டிக் என்பது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டியாகிய சம்ப்புக்குள் இறங்கி நிற்கும் மெல்லிய அளவுகோல். அதன் நுனியில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு குறிகள் இருக்கும். பெரும்பாலான கார்களில் கீழ்க்குறியிலிருந்து மேல்குறிக்கு ஏறச் சுமார் ஒரு லிட்டர் ஆயில் பிடிக்கும் என்பதும், மட்டம் இவ்விரண்டுக்கும் இடையே எங்கு நின்றாலும் எஞ்சினுக்குக் குறையில்லை என்பதும் வண்டியோடு வரும் கையேட்டிலேயே அறியக் கிடைப்பவை. வடிவமைத்த பொறியாளர் தாராள மனத்தோடு விட்டுவைத்த இந்த இடைவெளியைப் பெரியவர் ஒழுக்கக்கேடாகக் கருதுகிறார். மேல்குறியின் கீழ்விளிம்பில், தொட்டும் தொடாமலும் ஆயில் நிற்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம்.

முறைப்படி செய்தால் இது ஐந்து நிமிட வேலை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்து, மேலே ஏறிய ஆயில் சம்ப்புக்கு வடிந்து இறங்கச் சில நிமிடம் பொறுத்து, கோலை உருவித் துடைத்து, மறுபடி செருகி உருவிப் பார்க்க வேண்டும். முதல் உருவலில் குழாயின் சுவரில் ஒட்டிய ஆயிலும் சேர்ந்து வருவதால் அதை நம்பக் கூடாது. பெரியவர் இரண்டாவது உருவலையும் நம்புவதில்லை, ஏழாவதை நம்புவதிலும் அவருக்குத் தயக்கம் உண்டு. துடைப்பதற்கென்றே பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்து, துவைத்து மடித்து வைத்திருக்கிறார். அந்தத் துணியை வீட்டில் வேறெவரும் தொடலாகாது. கோலின் ஒரு பக்கம் ஒரு மட்டமும் மறுபக்கம் இன்னொரு மட்டமும் காட்டினால், தாழ்ந்ததே உண்மையான அளவு என்பது தொழில் அறிந்தோர் வழக்கம். அவரோ இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கிறார். டார்ச் பிடித்து நிற்கும் காவலர் அசாமிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர். "ஸ்வல்ப கெளகெ ஹிடி" (கொஞ்சம் கீழே பிடி) என்று கன்னடத்தில் இடப்படும் ஆணையை அவர் புரிந்துகொள்ளும் வழியில்லை என்பதால், வெளிச்சம் எப்போதும் பெரியவரின் கண்ணிலேயே விழுகிறது.

சமதளம் என்னும் சொல்லிலிருந்து அண்டை வீட்டாரின் துயரம் தொடங்குகிறது. கழுவிவிடும் நீர் வடிய வேண்டும் என்பதற்காக அடித்தளத் தரைக்குச் சிறிது வாட்டம் கொடுத்திருப்பார்கள். கொத்தனாரின் ரசமட்டத்தைத் தரையில் வைத்து ஆராய்ந்த பெரியவர், வளாகத்திலேயே வாட்டமில்லாத இடம் மூன்றாம் மாடிக் குடும்பத்தின் நிறுத்தம் ஒன்றுதான் என்று கண்டுபிடித்துவிட்டார். ஆகவே ஞாயிறுதோறும் அந்த வீட்டு அழைப்புமணி ஒலிக்கிறது. "தம்பி, கொஞ்சம் அட்ஜஸ்ட் மாடி" (அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்ற பெங்களூரின் பொதுமந்திரத்தோடு ஒரு கார் வெளியேற்றப்பட, இன்னொரு கார் நகர்த்திக்கொண்டுவரப்பட, வெளியேற்றப்பட்ட காரின் சொந்தக்காரர் லுங்கியோடு சாய்தளத்தில் காத்து நிற்கிறார். குளிர்ந்த எஞ்சினில் பார்ப்பதா, சூடான எஞ்சினில் பார்ப்பதா என்ற விவாதம் அதன் பிறகே ஆரம்பமாகும். ஆயில் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறக்குறைய 0.07 விழுக்காடு விரியும் இயல்புடையது. மூன்றரை லிட்டர் ஆயில் 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 150 மில்லியளவே பெருகும், அதாவது இரு குறிகளுக்கிடையே உள்ள தூரத்தில் ஏழில் ஒரு பங்கு. லுங்கி கட்டியவரின் ஒரு மணி நேரம் இந்த ஏழில் ஒரு பங்குக்காகவே செலவாகிறது.

இந்தப் பழக்கத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில், ஆயில் குடிக்கும் வண்டியை வைத்திருந்தவர்கள் நெடும்பயணத்துக்கு முன் கோலை உருவிப் பார்க்காமல் புறப்பட்டதில்லை. ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளில் நின்று கற்ற அந்தப் பாடத்தை, 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ஆலும் அதன் பின்வந்த எந்த வண்டியாலும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை.

அதைவிடச் சங்கடம், பல நேரங்களில் அவர் சொல்வது சரியாக இருந்துவிடுவது. மூன்று லிட்டரைச் சற்றே தாண்டிப் பிடிக்கும் எஞ்சினுக்கு மூன்றரை லிட்டர் டப்பா வாங்கப்படும்போது, மிச்சம் வைப்பானேன் என்று முழு டப்பாவையும் கவிழ்த்துவிடும் மெக்கானிக்குகள் ஊரெங்கும் இருக்கிறார்கள். மட்டம் மிகுதியாக உயர்ந்தால், சுழலும் கிராங்க் தண்டு ஆயிலில் அடித்து, மத்து மோரைக் கடைவதுபோல் நுரையாக்கிவிடும். நுரையை உறிஞ்சும் பம்பு காற்றையும் சேர்த்து அனுப்புவதால் பேரிங்குகளுக்கு வேண்டிய ஆயில் படலம் கிடைக்காது. மிகுந்த ஆயில் காற்றோட்டக் குழாய் வழியே எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றில் கலந்து எரிந்து நீலப் புகையாக வெளியேறும். டீசல் வண்டிகளில் இன்னொரு வம்பும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளின்படி அமைந்த டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உள்ளது. அதில் சேர்ந்த கரியை எரிக்கப் பல எஞ்சின்கள் கூடுதல் டீசலைத் தெளிக்கின்றன. நிறுத்தாத ஓட்டம் கிடைக்காமல் எரிப்பு பாதியில் நின்றுபோனால் அந்த டீசலில் ஒரு பகுதி சம்ப்புக்குள் கசிந்து ஆயிலின் மட்டத்தை உயர்த்துகிறது. பத்து கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் ஆவதாக 2022ஆம் ஆண்டுக்கான டாம்டாம் போக்குவரத்து நெரிசல் அட்டவணை கணக்கிட்ட நகரத்தில், சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் எத்தனை எரிப்புகள் பாதியில் நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாம் மாடி மென்பொருள் பெண்மணியின் டீசல் காரில், ஊற்றாமலே ஆயில் ஏறியிருந்ததைக் கோலை மோந்து பார்த்துக் கண்டுபிடித்தவர் பெரியவரே. "டீசல் வாசனை வருதும்மா, ஆயிலை மாத்திட்டு ஒருதரம் கிருஷ்ணகிரி வரைக்கும் நிறுத்தாம ஓட்டிட்டு வா" என்று அவர் சொன்ன வைத்தியம் பலித்தது முதல், அந்தப் பெண்மணி தீபாவளிக்கு அவர் வீட்டுக்குத் தனியாக ஒரு பெட்டி மைசூர்பாகு அனுப்புகிறார்.

இவ்வளவு நுட்பமானவர், மேல்குறிக்கு மேல் மயிரிழை ஏறிய ஆயிலை என்ன செய்கிறார் என்பதுதான் சிரிக்க முடியாத பகுதி. மருந்துக்கடை ஊசிக்குழாயில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, டிப்ஸ்டிக் செல்லும் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியெடுத்து, எடுத்ததை வளாகத்தின் மழைநீர்க் கால்வாயில் ஊற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறார். கோரமங்களா பள்ளத்தாக்கின் கால்வாய்கள் சென்று சேரும் பெள்ளந்தூர் ஏரி 2015-லும் 2017-லும் தீப்பற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்து, இந்த நகரத்துக்கு விமோசனமே இல்லை என்று மகனிடம் வருந்தியவரும் அவரே. அவருடைய ஊசிக்குழாயால் ஏரி எரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு என்றும், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேர வேண்டும் என்றும் 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. தெருமுனை மெக்கானிக் கடையில் கழிவு ஆயிலைச் சேர்த்து வைக்கும் டிரம் நிற்கிறது. ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுத்தால் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். ஞாயிறுதோறும் மூன்றாம் மாடிக்காரரின் தூக்கத்தைக் கெடுக்க நேரம் உள்ளவருக்கு, அந்த நூறு அடி நடக்க மட்டும் முழங்கால் வலிக்கிறது.