குழியில உழுந்தாத்தான் செலவு

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. கம்பெனியில உன்னெ சப்பானுக்கு அனுப்பறாங்களாமா. அங்கெ ஞாயித்துக்கெளமை பெரிய மேனேஜரோட கோல்ப்பு ஆடோணும்னு, ரெண்டு மாசமாப் பந்தடிச்சுப் பழகறயாமா. உங்கம்மா சொன்னா. பழகு, வேண்டாங்கல. ஆனா அந்த ஊருல பந்தடிக்கறது கால்வாசி வேலெ. மிச்சம் முக்காவாசிக்கு உனக்கு ஆரு சொல்லிக் குடுப்பா?

உன்ற அத்தை கோபேயில குடியிருந்தப்ப, நாப்பது நாள் அங்கெ சோறு தின்னுட்டு வந்தவன் நான். ஊருக்கு மேல ரொக்கோன்னு ஒரு மலெ. தேயிலை யாவாரத்துக்கு வந்த குரூம்ங்கற வெள்ளைக்காரரு, 1901ல கூட்டாளிகளெச் சேத்துட்டு அந்த மலெ மேல நாலே நாலு குழி வெட்டினாரு. 1903ல அது ஒம்பது குழியாகி கிளப்பாச்சு. சப்பானுக்கே அதுதான் மொத கோல்ப்பு. குழி வெள்ளைக்காரரு வெட்டினது. குழியெச் சுத்தி இருக்கற மொறைமை பூராவும் சப்பான்காரங்களுது.

மொத மொறைமை கோட்டு. நல்ல கிளப்பு பலதுல கோட்டுப் போட்டுட்டுத்தான் வாசப்படி ஏறோணும். உள்ளெ போயி அதெக் கழட்டி மாட்டிட்டு, பனியன் மாதிரி ஒண்ணெப் போட்டுட்டு ஆடப் போவோணும். எதுக்குன்னு கேக்காதே. பொண்ணு பாக்கப் போறவன் செருப்பெத் தொடச்சுட்டுப் போயி, வாசல்லயே கழட்டி உட்டுட்டு உள்ளெ போறதில்லையா? அதேதான்.

மேனேஜரு பேரு போட்ட அட்டை குடுத்தா ரெண்டு கையில வாங்கு. வாங்கினதும் படி. புரியலைன்னாலும் படிக்கறாப்பல நில்லு. பின்பாக்கெட்டுல சொருகிட்டு அது மேல உக்காந்தீனா, மேனேஜரு மேலயே உக்காந்ததாத்தான் அர்த்தம்.

ஆட்டத்துக்கு வந்தா, பைகளெப் பாத்துக்க பெரும்பாலும் ஒரு அம்மா வரும். நாலு பேரு பையையும் ஒருத்தியே மேய்ச்சுரும். காடெல்லாம் பறக்கற உன்ற பந்தெயும் அதுதான் தேடும். எரக்கப்பட்டு அம்பதோ நூறோ நீட்டிராதே. உட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சு ஓடி வந்து திருப்பிக் குடுத்துரும். குனிஞ்சு ஒரு கும்புடு போடு, போதும்.

மேனேஜரு அடிச்சா, பந்து ஆகாசத்துல இருக்கறப்பவே “நைசு ஷொத்தோ”ன்னு கத்தோணும். ஆனா சித்தெ நெதானம் வேணும். பொதருக்குள்ள போற பந்துக்குக் கத்தீட்டீனா, நையாண்டி பண்றயாட்ட ஆயிரும். ஒறம்பரையெக் கூட்டிட்டுப் போயி ஆடறதுக்கு அங்கெ செட்டாய் கோல்ப்புன்னே பேரு. அதுல செயிக்கறவன் கெட்டிக்காரனில்லெ. மெனக்கெட்டுத் தோத்தது தெரியாம ஒரே அடியில தோக்கறவந்தான் கெட்டிக்காரன். உனக்கு அந்த வெசனமில்லெ. நீ மெனக்கெடாமயே தோப்பே.

ஒம்பது குழி முடிஞ்சா ஆட்டத்தெ நிறுத்திட்டுப் பந்திக்குப் போயிருவாங்க. ஒரு மணி நேரம் ஆனாலும் ஆவும். உன்ற டம்ளர்ல நீயே பீரு ஊத்தாதே. பக்கத்தாளுக்கு ஊத்து, அவரு உனக்கு ஊத்துவாரு. குச்சியெச் சோத்துல செங்குத்தாக் குத்தி வெக்காதே. அது செத்தவங்களுக்கு வெக்கற படையலு.

சாயந்தரம் எல்லாருஞ் சேந்து தொட்டியில தண்ணி வாக்கோணும். மேனேஜரும் அம்மணம், நீயும் அம்மணம். வெளியில உக்காந்து சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டுப் பொறவுதான் தொட்டிக்குள்ள எறங்கோணும். துண்டெத் தண்ணியில நனைக்கப்படாது. பச்சை குத்தினவங்களெ பல எடத்துல உள்ளெயே உடமாட்டாங்க. ரவுடிக் கூட்டத்து அடையாளம்னு அவங்களுக்கு ஒரு நெனப்பு. உன்ற தோள்ல ஒரு பேரு இருக்குதே... முழிக்காதே, உங்கம்மாகிட்ட நான் சொல்லல.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வா. ஒரே அடியில பந்து குழிக்குள்ள உழுந்தா என்ன கெடைக்கும்னு நெனக்கறே? செலவு! கூட ஆடினவங்களுக்கு விருந்து, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் பரிசு, பை மேய்ச்ச அம்மாவுக்கு சந்தோசப் பணம், மைதானத்துல நெனவுக்கு ஒரு மரம். எல்லாம் அடிச்சவன் பொறுப்பு. கெடா வெட்டி ஊருக்கே சோறு போட்டாப்பல ஆயிரும். அதனால இதுக்குன்னே இன்சூரன்சு வெச்சிருக்கறாங்க. வெள்ளாமை போயிருமோன்னு இன்சூரன்சு கட்றவங்க நாம. அதிர்ஷ்டம் அடிச்சுருமோன்னு கட்றவங்க அவங்க! சிரிக்காதே. ஒருத்தனுக்கு மட்டும் வந்த அதிர்ஷ்டம் ஊருக் கண்ணுல உறுத்தும். அதெப் பங்கு போட்டுட்டா உறுத்தாது. நம்ம பாட்டன் பூட்டனுக்குந் தெரிஞ்ச கணக்குத்தான். அவங்க அதுக்கு ரசீது போட்டு வெச்சிருக்கறாங்க.

ஒண்ணே ஒண்ணெ மட்டும் கேலிக்கில்லாமச் சொல்றேன். 2021ல மட்சுயாமாங்கற பையன் அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் போட்டியெ செயிச்சான். சப்பான்காரன் ஒருத்தன் அதெ செயிச்சது அதுதான் மொத தடவெ. அவன் குதிச்ச மாதிரி எனக்கு நெனவில்லெ. அவன் பை தூக்கின ஆளு, கடைசிக் குழியில கொடியெத் திருப்பி நட்டுட்டு, தொப்பியெக் கழட்டி அந்த மைதானத்தெப் பாத்துக் குனிஞ்சு கும்புட்டான். அது நெனவிருக்குது. களத்து மேட்டெத் தொட்டுக் கும்புட்டுட்டு எறங்கற கையி நம்முளுது. அந்த ஒரு மொறைமை மட்டும் உனக்கு ஆருஞ் சொல்லித்தர வேண்டாம்.

அப்பறம் ஒரு சின்ன சங்கதி. கோல்ப்பு ஆடறவங்க அங்கெ அதுக்குன்னு தனியா வரி கட்டோணும். 70 வயசானவங்களுக்கு அந்த வரி இல்லெ. வயசுக்கு அத்தாட்சி காட்டினாச் சரி. எனக்கு வர்ற தை வந்தா 79. பாஸ்போர்ட்டு பீரோவுல மேல்தட்டுல இருக்குது. உங்கப்பன் கல்யாணத்துக்குத் தெச்ச கோட்டு இன்னும் எனக்குப் பத்துது. மேல பச்சையுங் குத்தல. இன்சூரன்சும் வேண்டாம்.

என்ற கண்ணுக்குக் குழியே தெரியாது சாமி.