ரெட் விங்கிலிருந்து பூத் ஏஜென்ட் மாமாவுக்கு

ரெட் விங், மின்னசோட்டா

அன்புள்ள மாமாவுக்கு,

"வெள்ளைக்காரன் ஊர்ல எலெக்‌ஷன் எப்படிடா நடக்குது?"ன்னு கேட்டீங்க. போன்ல சொன்னா பாதியிலயே திட்ட ஆரம்பிப்பீங்க. அதான் கடிதம்.

இதுவும் நம்ம ஆம்பூர் மாதிரி தோலும் ஷூவும் சோறு போடுற ஊர்தான். மிசிசிப்பி ஆத்தங்கரை. டேனரி 1872ல வந்தது, ஷூ கம்பெனி 1905ல. கடைக்குள்ள 638½ சைஸ்ல ஒரு பூட்ஸ் நிக்குது. நம்ம ஊர்க் கட்-அவுட் தலைவர்களுக்கு அளவு சரியா இருக்கும்.

யார் எந்தக் கட்சின்னு இங்க விசாரிக்கவே வேணாம். வாசல் புல்தரையில அட்டை நட்டு வெச்சிருப்பாங்க. எங்க தெருவுல எதிரெதிர் வீடு, எதிரெதிர் அட்டை. ஆனா பனி பெஞ்சா ஒருத்தர் வாசல் பனியை இன்னொருத்தர் தள்ளிச் சுத்தம் பண்றார். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு மாமா, கட்சிக்காரங்களா இவங்க?

மாநிலம் ஒரு பக்கம், எங்க மாவட்டம் ஒரு பக்கம். 1984ல ரீகன் 49 மாநிலத்தை அள்ளினப்ப, கைக்கு வராத ஒரே மாநிலம் இதுதான். 1976லேருந்து அதிபர் தேர்தல்னா ஜனநாயகக் கட்சிதான் இங்க ஜெயிக்குது. ஆனா டவுனைத் தாண்டிச் சோளக்காட்டுக்குள்ள போனா எல்லாம் டிரம்ப் அட்டை. எங்க குட்ஹ்யூ மாவட்டம் மூணு தடவையும் அவருக்குத்தான் போட்டது.

ஓட்டுப் போடுற நாள் செவ்வாய்க்கிழமை. லீவு கிடையாது. விவசாயி ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு, குதிரை வண்டி கட்டிக்கிட்டு டவுனுக்கு வந்து சேரணுமேன்னு 1845ல போட்ட சட்டம். குதிரை போயாச்சு, செவ்வாய் போகல. பிரியாணிப் பொட்டலம் இல்ல, கவர் இல்ல, விரல்ல மை கூட இல்ல. ஒரு ஸ்டிக்கர் தர்றாங்க, சட்டையில ஒட்டிக்கிட்டு வேலைக்கு வர்றாங்க. அந்த ஸ்டிக்கருக்கே 2020ல இந்த மாநிலத்துல கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் போட்டாங்க. நாட்டுலயே முதலிடம்.

கூட வேலை செய்யிறவர்கிட்ட நம்ம வேலூர்க் கதையைச் சொன்னேன். 2019ல 11 கோடிக்கு மேல பணம் பிடிபட்டு, ஓட்டுப்பதிவுக்கு ரெண்டு நாள் முன்னாடி பார்லிமென்ட் தேர்தலையே ரத்து பண்ணினது. ஏப்ரல் 18 அன்னிக்கு ஆம்பூர்ல சட்டசபை இடைத்தேர்தல் மட்டும் நடந்தது. ஆகஸ்ட்ல மறுபடி வெச்சு 8,141 ஓட்டு வித்தியாசத்துல முடிஞ்சது. எல்லாம் கேட்டுட்டு, "ஓட்டுப் போட நீங்க எவ்வளவு கட்டணும்?"னார். கட்ட வேணாம், அவங்கதான் தருவாங்கன்னேன். அன்னிக்கு முழுக்க என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நீங்க நம்பாத விஷயம் இனிமேதான். பேர் லிஸ்ட்ல இல்லையா? ஓட்டுப் போடுற அன்னிக்கே பூத்துல சேர்த்துக்கலாம். அட்ரஸ் ப்ரூஃப் இல்லையா? பக்கத்து வீட்டுக்காரர் வந்து "இவர் இங்கதான் குடியிருக்கார்"னு சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்தாப் போதும். ஒருத்தர் எட்டுப் பேர் வரைக்கும் சத்தியம் பண்ணலாம்! நம்ம ஊர்ல இந்தச் சட்டம் வந்தா, நீங்க சத்தியம் பண்ணியே ஓய்ஞ்சு போவீங்க.

ஓட்டுச் சீட்டு அதிபரோட நிக்காது. நீதிபதி, ஸ்கூல் போர்டுன்னு நீண்டுக்கிட்டே போகும். அதுல மண், தண்ணீர் பாதுகாப்புக்குன்னு ஒரு வாரியம், அதுக்கும் ஓட்டு! அந்த வேட்பாளர் முகம் இங்க பாதிப் பேருக்குத் தெரியாது, ஆனாலும் பேர் பக்கத்துல வட்டத்தை நிரப்புறாங்க. தோல் கழிவு கலந்த நம்ம பாலாத்துக்காக 1996ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. அதுக்கு ஒரு வாரியம், அதுக்கு ஒரு தேர்தல்னு வந்தா நீங்க எந்தச் சின்னத்துல நிப்பீங்க? இப்பவே யோசிச்சு வைங்க.

எனக்கு இங்க ஓட்டு கிடையாது. அங்க உண்டு; படிவம் 6ஏ போட்டிருக்கேன். ஆனா பாஸ்போர்ட்டோட நேர்ல வந்துதான் போடணுமாம். உங்க கட்சியில ஓட்டுக்கு எவ்வளவு தர்றாங்கன்னு தெரியல, விமான டிக்கெட்டா தருவாங்களான்னு மட்டும் மெதுவா விசாரிங்க. எதிர்க்கட்சியிலயும் கேட்டு வைங்க.

அன்புடன்,
உங்க மருமகன்