கடைசி மைசூர்பாகு: நாவலூர் பேன்ட்ரிகளை முன்வைத்து ஒரு மடக்கை ஆய்வு

பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரிலிருந்து சிறுசேரி வரை உள்ள ஐ.டி. அலுவலகங்களில், ஊருக்குப் போய் வந்தவர் கொண்டுவரும் இனிப்பு டப்பா கண்மூடித் திறப்பதற்குள் காலியாகிறது, ஒரு துண்டு நீங்கலாக. அந்தக் கடைசித் துண்டை யாரும் முழுசாக எடுப்பதில்லை. “எனக்குப் பாதி போதும் ஜி, டயட்” என்று ஒருவர் ஸ்பூன் காம்பால் அதை இரண்டாக்குகிறார். அடுத்து வருபவர் மிச்சத்தில் பாதி. நெய் ஊறிய காகிதத்தில் மஞ்சள் பொடி உதிர உதிரத் துண்டு சுருங்குகிறதே தவிர, தீரமாட்டேன் என்கிறது.

டயட் என்பதெல்லாம் சாக்கு. கடைசித் துண்டைத் தீர்த்தவரே டப்பாவைக் கழுவ வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். நாவலூர் சுங்கச்சாவடியில்கூட 2023 ஆகஸ்ட் 31 முதல் வசூலை நிறுத்திவிட்டார்கள். இந்தச் சுங்கம் மட்டும் இன்னும் அமலில் இருக்கிறது.

முன்னோர் இதை எதிர்பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள் போலும். முதல் ஆள் போனதும் மிஞ்சுவது அரை. பிறகு கால், அரைக்கால், வீசம், அரைவீசம். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு (துண்டின் மேல் பதித்திருக்கும் பருப்பு அல்ல). மிச்சம் முந்திரிக்கும் கீழே போவது எத்தனையாவது ஆளிடம்?

இங்கேதான் சிக்கல். தேடும் எண் அடுக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 2-இன் அடுக்கு ‘அ’ என்பது 320 என்றால், ‘அ’வைத் தரையிறக்க ஒரே வழி இருபக்கமும் மடக்கை எடுப்பது. அடுக்கு உடனே பெருக்கும் எண்ணாக இறங்கிவிடும். பிளஸ் டூவில் லாக் டேபிள் புரட்டியவர்களுக்கு லாக் 2 = 0.3010 இன்னும் மறந்திருக்காது. லாக் 320 = 2.5051. வகுத்தால் 8.32. ஆளைப் பின்னமாக்க மனிதவளத் துறை அனுமதிக்காது. ஆகவே ஒன்பதாவது ஆள்.

நேப்பியர் மடக்கையை 1614-இல் வெளியிட்டார். பிரிக்ஸ் 1617-இல் பத்தை அடியாக வைத்து முதல் ஆயிரம் எண்களுக்குப் பட்டியல் போட்டார். மைசூர்பாகு குறித்து இருவரும் சாதித்த மௌனம் பெரிய ஆய்வு இடைவெளி.

துண்டு 40 கிராம் என்று கொள்வோம். மிச்சம் ஒரு கிராமுக்குக் கீழே போக 1.6021-ஐ 0.3010-ஆல் வகுக்க வேண்டும்: 5.32, அதாவது ஆறாவது ஆள். மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுக்கும் தர்மவான்கள் நிறைந்த குழுவில் மிச்சம் ஒவ்வொரு தடவையும் மூன்றில் இரண்டு. லாக் 1.5 = 0.1761, பத்தாவது ஆள் வரை தாங்கும்.

“பெரிய துண்டாக வாங்கினால் தீர்ந்தது” என்பவர்களுக்கு மடக்கை தரும் பதில் இரக்கமற்றது. 80 கிராம் துண்டு ஏழாவது ஆள் வரை போகும். செலவு இரட்டிப்பு, லாபம் ஒரே ஒரு ஆள்.

இனி எல்லையைப் பார்ப்போம். துண்டு முழுக்கச் சர்க்கரையே என்று வைத்தால், 342 கிராமுக்கு 6.022-ஐ பத்தின் 23-ஆம் அடுக்கால் பெருக்கிய அளவு மூலக்கூறுகள். நம் 40 கிராமில் உள்ளவற்றின் மடக்கை சுமார் 22.85. வகுத்தால் 75.9. எனவே 76-ஆவது ஆள் எடுத்தபின் மிஞ்சுவது ஒரு மூலக்கூறுகூட இல்லை. கடலைமாவையும் நெய்யையும் மறந்துவிட்டீர்களே என்று முணுமுணுப்பவர்கள் சர்க்கரையைப் பாதியாகவே வைத்துக்கொள்ளட்டும். விடை 75 ஆகும், அவ்வளவுதான்.

ஒரு தளத்தில் 76 பேருக்கு மேல் உட்காராத அலுவலகம் அந்தச் சாலையில் அரிது. ஆகவே நாகரிகத்தை எவ்வளவு நீட்டினாலும், 77-ஆவது ஆள் வெறும் டப்பாவைக் கழுவியே தீரவேண்டும். அதுவரை இழுப்பானேன்? அடுத்த தடவை பேன்ட்ரியில் கடைசித் துண்டைக் கண்டால் முழுசாகத் தின்றுவிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.