சங்கத்தாருக்கு ஒரு பாராட்டு மடல்

வேளச்சேரியில் எனக்குத் தெரிந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தாரைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் செய்யும் எந்த வேலையிலும் ஒரு நேர்த்தி இருக்கும்.

கார் நிறுத்துமிடத்து சம்ப் மூடியைப் பாருங்கள். டைல்ஸ் மட்டத்துக்கு ஒரு நூல் ஏறாமல் இறங்காமல், தரையோடு தரையாகப் பதித்திருக்கிறார்கள். கார் அதன்மேல் ஏறினால் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஓடி விளையாடும் பிள்ளைகள் தடுக்கி விழுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழைநீர் தெருவிலிருந்து வந்தபோது அதையும் எதுவும் தடுக்கவில்லை. சம்ப்பின் வாயைச் சுற்றி ஒன்றரை அடிக்குச் சுவர் எழுப்பி, ரப்பர் வைத்த மூடியை இறுக்கியிருந்தால் குடிதண்ணீர் தப்பியிருக்கும். ஒரு கார் நிற்கும் இடம் போயிருக்கும். காரின் மதிப்பு அறிந்தவர்கள் அவர்கள்.

மோட்டாரைக் கண்ணில் படாத குழிக்குள் வைத்ததும் நல்ல ரசனை. வெள்ளம் முதலில் நிரப்பிய இடம் அதுதான். மேடை கட்டி உயர்த்துங்கள் என்று பிளம்பர் 2015 வெள்ளம் வடிந்த கையோடு சொன்னார். எட்டு ஆண்டுகள் பதறாமல் யோசித்தார்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றும் மொட்டைமாடித் தொட்டியை நிரப்பி மின்சாரத்தை வீணாக்கவில்லை.

ஆனால் அவர்களுடைய ஜனநாயகப் பண்புதான் எல்லாவற்றிலும் பெரியது. தெரு மேன்ஹோல் நிரம்பி, அதன் நீர்மட்டம் தரைத்தளக் கழிப்பறையின் மட்டத்தைத் தாண்டினால், சாக்கடை போன வழியே திரும்பி வரும். கட்டடத்தின் கடைசிச் சேம்பருக்கும் தெரு இணைப்புக்கும் நடுவே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால், வெளியே போகும் நீருக்குத் திறக்கும் தகடு, உள்ளே வரும் நீருக்கு மூடிக்கொள்ளும். அதில் குப்பை சிக்காமல் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். அது மூடியிருக்கும் நேரத்தில் மேல்வீடுகள் தண்ணீர் விடாமல் இருக்க வேண்டும். இவ்வளவுதான். ஓட்டெடுத்தார்கள். நான்கு மாடிகள் ஒரு பக்கம், தரைத்தளத்து இரண்டு வீடுகள் ஒரு பக்கம். பெரும்பான்மையின் முடிவை அவர்கள் ஒருநாளும் மீறியதில்லை. புயல் நாளன்று மாடிவீடுகளில் ஃப்ளஷ் செய்தவர்களும் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தெருவுக்குப் போக வழியில்லாத அந்த நீர் தரைத்தளத்துக் குளியலறையில் பொங்கி, சமையலறை வரை வந்தது.

மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்த சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதும், இவர்களும் குழி வெட்டி, கல் நிரப்பி, பலகை மாட்டினார்கள். பலகை இன்னும் பளிச்சென்று இருக்கிறது. குழி அடைத்துக்கொண்டபோது தூர்வாருவதைவிட, குழாயைப் பக்கத்துச் சேம்பருக்குத் திருப்புவது மலிவாக முடிந்தது. சென்னையில் மழைநீர் வடிகால் வேறு, பாதாளச் சாக்கடை வேறு. வீட்டுக் கழிவுக்கென்று அளந்து போட்ட குழாயில் தெருவிலுள்ள மொட்டைமாடிகளெல்லாம் சேர்ந்து மழையைக் கொட்டினால் மேன்ஹோல் மூடி எழும்பத்தான் செய்யும். சங்கத்தார் அனுப்பியதில் ஒரு பங்கு அவர்கள் வாசலுக்கே திரும்பி வந்தது. தெருவுக்கு அவர்கள் எந்தக் கடனும் வைக்கவில்லை.

நீர் வடிந்ததும் லாரித் தண்ணீர் வரவழைத்த வேகத்தையும் மறக்கக் கூடாது. சம்ப்பை இறைத்துத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ ஒரு நாள் ஆகும். ஒரு நாள்கூடக் குடும்பங்களைக் காக்க வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை; சேறு அடியில் இருக்கும்போதே நிரப்பிவிட்டார்கள்.

தரைத்தளத்து அம்மா ஒருவர் இப்போது தாமாகவே கோணியில் மணல் நிரப்பி வைத்திருக்கிறார், கழிப்பறைப் பீங்கானின் வாயை அடைக்க. குளியலறைத் தரைத் துவாரத்துக்குத் துணி உருண்டையும் மேலே வைக்க அம்மிக்கல்லும் தயார். எழுபது வயதில் அந்தக் கல்லை அவர் நகர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் வால்வு போட்டுத் தாருங்கள் என்று இந்த முறையும் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். மரியாதையாக வாங்கி, தேதி முத்திரை குத்தி, ஃபைலில் சேர்த்துக்கொண்டார்கள். சங்கத்தின் ஃபைல்கள் எல்லாம் மூன்றாம் மாடியில் இருக்கின்றன. இரண்டு வெள்ளத்திலும் ஒரு தாள்கூட நனையவில்லை.