வேலை முடிந்த மாலை

சுவருக்கு எமல்ஷன் அடித்தபோது தரையில் கொஞ்சம் சொட்டிவிட்டது. அதைக் காட்டி வீட்டுக்காரர் எட்டாயிரம் ரூபாய் பாக்கியை நிறுத்திவிட்டார். சொட்டுக்கு எட்டாயிரமா?
*பெயின்டர், தாம்பரம்*

சொட்டு உங்களுடையது, எட்டாயிரமும் உங்களுடையது. முதலில் சொட்டை எடுங்கள். எமல்ஷன் தண்ணீரில் கலக்கும் பெயின்ட். வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் போட்டுவைத்து, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டினால் டைல்ஸிலிருந்து வந்துவிடும். துடைத்த தரையை அவருக்குக் காட்டிவிட்டு, அங்கேயே நின்று கணக்கைக் கேளுங்கள். அடுத்த வீட்டில் ஷீட் விரித்த பிறகு பிரஷ்ஷைத் தொடுங்கள்.

டைல்ஸ் மேஸ்திரி முழுப் பணத்தையும் கேட்கிறார். கொடுத்துவிட்டால், குறை இருந்தாலும் திரும்பி வரமாட்டார் என்று பயமாக இருக்கிறது.
*இல்லத்தரசி, மதுரை*

அவர் கிளம்பும் முன்பே குறையைத் தேடிவிடுங்கள். நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் கலவை சரியாக நிறையவில்லை. பாத்ரூமில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டுங்கள். எங்காவது தேங்கினால் வாட்டம் சரியில்லை. அதைச் சரிசெய்ய என்ன செலவாகுமோ அதை மட்டும் நிறுத்திவையுங்கள். மீதியை அன்றே கொடுங்கள். சனிக்கிழமை மாலை அவரைச் சுற்றி நிற்பவர்களுக்கு அவர்தான் சம்பளம் தரவேண்டும். நீங்கள் மேஸ்திரியிடம் பிடிக்கிற பணம், முகம் தெரியாத ஒரு சித்தாளின் வீட்டு அரிசியில் போய் முடியும்.

சுவரைக் குடைந்து பைப் பதித்தேன். விழுந்த காரையை அள்ளுவதும் எலக்ட்ரீஷியன் வேலையா?
*எலக்ட்ரீஷியன், திருச்சி*

குடைந்தவர்தான் அள்ளவேண்டும். குடைந்த இடத்தைப் பூசுவது கொத்தனார் வேலை. அதை ரேட் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

எல்லோரும் கை கால் கழுவிக் கிளம்பிய பிறகு, பெருக்கி அள்ளுவது நான்தான். தனிக் கூலி கேட்டால் சிரிக்கிறார்கள்.
*சித்தாள் வேலை செய்பவர், விழுப்புரம்*

அவர்கள் சிரித்தாலும் கேளுங்கள். கொத்தனாரின் வேலை எத்தனை மணிக்கு முடிகிறதோ, அத்தனை மணிக்கு உங்கள் வேலையும் முடியவேண்டும். பெருக்குவதற்கு அரை மணி ஆகுமென்றால், அரை மணி முன்னதாகப் பூச்சை நிறுத்துவது மேஸ்திரியின் பொறுப்பு. அதற்கு மேல் நின்றால் அது கூடுதல் வேலை, கூடுதல் கூலி. சுத்தம் செய்வது என்றாலே அது பெண்ணின் தலையில், அதுவும் கணக்கில் வராமல் விழுகிறது. இது அநியாயம். வீட்டுக்காரர்களும் இதைக் கவனிக்கவேண்டும்.

கூலியைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கிரானைட், டைல்ஸ் வெட்டிய தூளில் சிலிக்கா இருக்கிறது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்ற நோயைத் தரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. காய்ந்த தூளைப் பெருக்கவே பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, நனைந்த பிறகு அள்ளுங்கள். முந்தானையைக் கட்டிக்கொண்டால் நுண்தூள் நிற்காது. என்-95 முகக்கவசம் வாங்கித் தரச் சொல்லுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இன்னும் பதியவில்லை என்றால் இந்த வாரமே பதியுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, விபத்துக்கு இழப்பீடு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு.

பாத்ரூமை இடித்த ரப்பிஷ் பத்து மூட்டை கிடக்கிறது. ஐந்நூறு கொடுத்தால் ராத்திரியே கால்வாய் ஓரம் கொட்டிவிடுவதாக ஆட்கள் சொல்கிறார்கள்.
*வீட்டு உரிமையாளர், அம்பத்தூர்*

கொடுக்காதீர்கள். கட்டட இடிபாடுகளுக்கு யார் வீட்டு வேலையோ அவரே பொறுப்பு. மத்திய அரசு 2016ஆம் ஆண்டு கொண்டுவந்த விதிகளிலேயே இது சொல்லப்பட்டது. சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் பேசி, எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாடுகளை அரைத்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகள் உள்ளன. வண்டி வாடகை உங்கள் செலவு. அதை ஆட்களின் கூலியில் கழிப்பது தப்பு.

செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டது. உள்ளே இறங்கி எடுத்தால் இரண்டாயிரம் கூடத் தருவதாக வீட்டுக்காரர் சொல்கிறார்.
*பிளம்பர், நாகர்கோவில்*

இறங்காதீர்கள். இரண்டு லட்சம் தந்தாலும் இறங்காதீர்கள். உள்ளே இருக்கும் விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. கழிவுநீர் லாரியை வரவழைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அலமாரி செய்து கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. இருபத்திரண்டாயிரம் பாக்கி. கையெழுத்து எதுவும் வாங்கவில்லை. விட்டுவிடவேண்டியதுதானா?
*ஆசாரி, கும்பகோணம்*

விடாதீர்கள். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். இலவசமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவிப்பவர் அதற்கு ஈடு தரவேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. பணம் தர நாள் குறிக்காவிட்டால், வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். அதற்கு முன்னால் இன்றே அலமாரியின் படம், மொத்தத் தொகை, வந்தது, பாக்கி எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் மரியாதையாக அனுப்புங்கள். “அடுத்த மாசம் தரேன்” என்று அவர் பதில் போட்டால் அதுவே சாட்சி. அட்வான்ஸ் ஜிபேயில் வந்திருந்தால் அதுவும் சாட்சி. பிறகும் அசையாவிட்டால் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்கறிஞரையும் இலவசமாகத் தருவார்கள்.

அரைகுறை வேலைக்கு முழுப் பணம் வாங்கிவிட்டு போனை எடுக்காதவரை என்ன செய்வது?
*வாசகர், கோவை*

நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை.

முதல்முறையாக வீட்டு வேலை கொடுக்கிறோம். சண்டை வராமல் இருக்க என்ன செய்யவேண்டும்?
*புதுமணத் தம்பதி, சேலம்*

என்ன வேலை, என்ன ரேட், ரப்பிஷை யார் எடுப்பது, பணம் எந்தெந்தக் கட்டத்தில் என்று ஒரு தாளில் நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கடைசி நாள் மாலை, பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு வேலையைப் பார்வையிடுங்கள். சரியாக இருந்தால் உடனே கொடுங்கள். “நாளைக்கு வாங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். நாளைக்கு அவருக்கு வேறொரு வீட்டில் வேலை இருக்கும். உங்களிடம் கூலி வாங்க வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.