நாமே செஞ்சிக்கலாம்

சிலாங்கூரில், புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தாமான் ஒன்றில், வீட்டு வாசலில் ஒரு நாற்காலி தலைகீழாகக் கிடக்கிறதா? பக்கத்தில் மூடாத சாய டின்னும் காய்ந்து விறைத்த பிரஷ்ஷும் இருக்கின்றனவா? அப்படியானால் உள்ளே குடியிருப்பவர் 'நாமே செஞ்சிக்கலாம்' இனத்தைச் சேர்ந்தவர் என்று தாராளமாக முடிவுகட்டலாம். பிழைப்புக்கு அவர் வேறு வேலை பார்ப்பார்; தொழிற்சாலையில் சூப்பர்வைசராகவோ, பள்ளியில் ஆசிரியராகவோ, லோரி ஓட்டுநராகவோ இருப்பார். ஞாயிற்றுக்கிழமை பசியாறிக் கைகழுவியதும் தச்சர், சாயக்காரர், மெத்தை தைப்பவர் என மூவரும் ஒரே கைலிக்குள் வந்துவிடுவார்கள். கடையில் எந்தச் சாமானைப் பார்த்தாலும், "இதுக்கா இவ்வளவு வெள்ளி? நாமே செஞ்சிக்கலாம்" என்பார். பதில் வராது. மனைவி அதற்குள் அடுத்த வரிசைக்குப் போயிருப்பார்.

காசு மிச்சம் என்று அவர் சொல்லும் காரணத்தை முதலில் தள்ளிவைத்துவிடலாம், அதில் சாரமில்லை. 2005-ல் கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் ஒற்றைக் கடையாகத் தொடங்கிய மிஸ்டர் டி.ஐ.ஒய். இன்று நாடு முழுக்கக் கிளை பரப்பி, 2020-ல் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. மிச்சம் பிடிக்கிறவர்களை மட்டும் நம்பி எந்தக் கடையும் அவ்வளவு தூரம் போகாது. நம்மவர் மணல் தாள் ஒன்று வாங்கத்தான் உள்ளே போகிறார். வெளியே வரும்போது கையில் ஸ்டேப்பிள் துப்பாக்கி, நான்கு அளவு பிரஷ், எதற்கென்று பிறகு யோசிக்க வேண்டிய கொக்கிகள், ஒரு டார்ச் லைட். மணல் தாள் மறந்துபோயிருக்கும். நாற்காலிக்கு ஆன மொத்தச் செலவைக் கூட்டினால் இரண்டு புது நாற்காலி விலைக்குப் பக்கத்தில் வரும். அதனால்தான் அவர் கூட்டுவதில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். பழைய நாற்காலி கறுத்துக் கிடக்கும். "இது தேக்கு, சுரண்டினா தெரியும்" என்று ஆரம்பிப்பார். சுரண்டுவதற்கு 80 நம்பர் தாள்; அதற்கு மேல் 120, 240 என்று படிப்படியாகப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுமைக்கு அப்பாற்பட்டது. மர ஓட்டத்துக்குக் குறுக்கே தேய்த்த கீறல்கள், சாயம் ஏறியதும் பூனை பிறாண்டியதுபோல் வெளியே வரும். கறுப்பு போனதும் உள்ளே தெரிவது தேக்கு அல்ல. வெளிர் மஞ்சளாய், இலேசாக ரோஸ் ஓடிய ரப்பர் மரம். தாத்தாவும் பாட்டியும் விடியற்காலையில் பால் வெட்டிய அதே சாதி மரம். நட்டு இருபத்தைந்து முப்பது வருடத்தில், பால் வற்றி வெட்டித் தள்ளும்போது, ஒரு காலத்தில் அது புகைக்கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகத்தான் போனது. பூஞ்சையும் புழுவும் சுலபமாகப் பிடிக்கிற மரம். போரான் உப்பு ஏற்றி, சூளையில் உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகு மலேசிய மரச்சாமான் ஏற்றுமதியே அதன்மேல் உட்கார்ந்தது. நம்மவருக்கு இந்தப் பெருமை போதாது. தேக்கு நிற வார்னிஷ் ஒரு டின் வாங்கி, தாத்தாவின் மரத்தை மறுபடியும் மூடிவிடுவார்.

அதையும் எப்போது செய்வார்? தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு. சிலாங்கூரில் அது சாயங்காலம் தவறாமல் மழை இறங்கும் மாதம். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வார்னிஷ் காயாது, சில சமயம் வெள்ளையாகப் பூத்தும் போகும். தீபாவளியன்று வந்த விருந்தாளி முறுக்கைத் தின்றுவிட்டு எழுந்தால், நாற்காலியும் கூடவே எழுந்து வழியனுப்ப வரும்.

தையல் பக்கத்தில் அந்த வீட்டு அக்காவின் ஆட்சி. பழைய பட்டுப் புடவையில் குஷன் உறை, பாத்திக் சாரோங்கில் லங்சிர். பதினெட்டு அங்குலக் குஷனுக்குப் பதினெட்டு அங்குலத் துணியையே வெட்டுவார். தையலுக்கு விட வேண்டிய அரை அங்குலத்தைத் துணி தானாகப் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். வெட்டித் தைத்த பிறகு நனைத்தால், முதல் சலவையிலேயே லங்சிர் ஜன்னலின் முழங்காலுக்கு ஏறிவிடும். "இப்ப இதுதாங்க பேஷன்" என்று அவர் சொல்லும்போது கணவர் தலையாட்டுவார். ஒட்டிக்கொள்ளும் நாற்காலியைப் பற்றி அக்காவும் பேசாமல் இருக்க வேண்டுமே.

இதையெல்லாம் தோட்டத்துச் சிக்கனத்தின் தொடர்ச்சி என்று சிலர் உருகுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில் துணி கிடைக்காமல் சாக்கை வெட்டி உடுத்தியது அந்தத் தோட்டத்துத் தலைமுறை. சிங்கர் கம்பெனி 1850களிலேயே தொடங்கிவைத்த தவணை வழக்கம், கைக்காசில்லாத வீட்டுக்குள்ளும் தையல் மிஷினைக் கொண்டுவந்தது. அதை மிதித்துப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டையைத் தைத்த பெண்கள் அவர்கள். அவர்கள் ஒரு வேலையை எடுத்தால் முடித்தார்கள். திங்கட்கிழமை பிள்ளை சட்டை போட்டாக வேண்டும். காஜா எடுக்காமல் விட முடியாது. நம்மவருக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர் நாற்காலி முடியாவிட்டால் உட்கார இன்னும் ஐந்து நாற்காலி உண்டு. இல்லாமையிலிருந்து வந்த பழக்கமாக இருந்தால், இல்லாமை தீர்ந்ததும் பழக்கமும் போயிருக்க வேண்டும். இது வசதி வந்த பிறகு வந்த நோய்.

பிறகு எங்கிருந்து வந்தது? தோட்டத்து லயத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். சுவர் கம்பெனியுடையது, சுவரில் அடித்த சுண்ணாம்பும் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். இந்த வட்டாரத்தில்தான், தென்னைமரம் தோட்டத்தில், 1917-ல் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். பிற்பாடு தோட்டங்களில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டதிலிருந்து தோட்டத்தை நிலமாக விற்றது வரை, எதையும் லயத்தில் இருந்தவர்களைக் கேட்டு யாரும் செய்யவில்லை. அப்படி வந்த குடும்பத்தில் ஒருவர் தவணை கட்டித் தாமானில் ஒரு வீடு வாங்குகிறார். அந்தச் சுவரில் ஆணி அடிக்க யாரிடமும் கேட்க வேண்டாம் என்று தெரிந்ததும், ஒரு ஆணியோடு எப்படி நிறுத்துவார்?

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே கூத்து நடக்கிறதே, அவர்கள் எந்த லயத்திலிருந்து வந்தார்கள் என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் அங்கே தச்சரைக் கூப்பிட்டால் கூலி கையைக் கடிக்கும். சொந்தக் கையால் செய்தால் உண்மையிலேயே மிச்சம். இங்கே அந்தக் கணக்கு நிற்கவில்லை என்று முன்பே பார்த்தோம். மிச்சமில்லாமலும் ஒருவர் விடாமல் செய்கிறார் என்றால் காரணத்தைப் பணப்பைக்கு வெளியேதான் தேட வேண்டும். மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டேன் ஏரியலி மூவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அதற்கு உதவுகிறது. காகிதத்தை மடித்துப் பொம்மை செய்தவர்கள், தங்கள் கோணல் பொம்மைக்குத் தேர்ந்த கைகள் செய்த பொம்மைக்குக் கிட்டத்தட்ட சமமான விலை கொடுக்கத் தயாராக இருந்தார்களாம்; வேடிக்கை பார்த்தவர்கள் அதில் கால்பங்குகூடத் தரவில்லை. வேலையை முடித்தால்தான் இந்தப் பாசம் வரும், பாதியில் நின்றால் வராது என்றும் அவர்கள் கண்டார்கள். அவர்கள் புக்கிட் பெலிம்பிங் பக்கம் வரவில்லை. இங்கே பாதியில் நிற்பதன் மீதுதான் பாசம் அதிகம். முடிந்த சாமானை யாரும் கண்டுகொள்வதில்லை.

இவர்கள் தையற்காரர், தச்சர் பிழைப்பில் மண் போடுகிறார்கள் என்ற புகாரும் நிற்காது. புதிதாகத் தைக்க ஒரு விலை, தைத்ததைப் பிரித்துத் தைக்க அதைவிடக் கூடுதல் விலை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு குஷன் உறைகளைப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்குள் நுழைபவரைத் தையற்கார அண்ணன் மகிழ்ச்சியோடுதான் வரவேற்பார். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தொழிற்சாலை வாசலில் கிடக்கும் பேலட் பலகையைத் தூக்கிவந்து கட்டில் செய்கிறார்கள். அதில் எச்.டி. என்று முத்திரை இருந்தால் சூடேற்றிய மரம், எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்ட மரம். இதைப் பார்க்காமல் தூக்கக் கூடாது. ஆளியெண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டாலும் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்; விரித்துக் காயப்போட வேண்டும். இவ்வளவு மட்டும் கற்றுக்கொண்டால், மற்றபடி அவரை அவர் போக்கில் விட்டுவிடலாம்.

முழுக்க விட முடியாது என்று அக்கா சொல்வார். அந்த வீட்டில் ஓர் எல்லைக்கோடு உண்டு: "சாமி மேடையில மட்டும் கை வைக்காதீங்க, சொல்லிட்டேன்." அவரும் சரியென்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அக்கா கோயிலுக்குப் போன நேரத்தில் அதன் நீள அகலத்தை அளந்து ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்திருப்பார். சும்மா, தெரிஞ்சிக்கத்தான்.