அந்தக் கள்ள அதிகாரியைத் திரும்பக் கொடுங்கள்!

வரி போடும் அதிகாரியை ஊரே திட்டுவது புதிதல்ல. லஞ்சம் வாங்கிய அதிகாரி போய்விட்டாரே என்று ஊர் ஏங்குவதுதான் புதிது. அந்த அதிசயம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது.

அங்கே ரசல் வோல்டன் என்றொரு சொத்து மதிப்பீட்டாளர் இருந்தார். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி அது. எந்த வீடு எவ்வளவு பெறும், எந்தக் கடை எவ்வளவு பெறும் என்று அவர் எழுதுவதுதான் கணக்கு. அதன் மேல்தான் சொத்து வரி. வீட்டுக்காரருக்கு ஓட்டு உண்டு, கம்பெனிக்கு ஓட்டு இல்லை. ஆகவே வீடுகளின் மதிப்பு அடக்கமாகவும் கம்பெனிகளின் மதிப்பு தாராளமாகவும் எழுதப்பட்டது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? 'வரி ஆலோசகர்' என்ற பெயரில் ஒருவர் உலவினார். அவரைக் கவனித்துக்கொண்டால் மதிப்பு இறங்கியது. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், கம்பெனிக்குச் சந்தோஷம், அதிகாரிக்கு இரண்டு பக்கமும் சந்தோஷம். இவ்வளவு பேர் சந்தோஷமாக இருந்தால் பத்திரிகைகளுக்குப் பொறுக்காது. 1965இல் குட்டு உடைந்தது; அடுத்த ஆண்டு வோல்டன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம் கொதித்தெழுந்தது. இனி வீடோ கம்பெனியோ, எல்லாச் சொத்துக்கும் சந்தை விலையில் 25 சதவீதம்தான் வரி மதிப்பு, யாருக்கும் சலுகை கிடையாது என்று 1966இல் சட்டம் போட்டது. என்ன நியாயம், என்ன சமத்துவம்! லஞ்சம் கொடுத்த கம்பெனிகளின் வரி சட்டப்படியே இறங்கியது. ஒரு பைசா லஞ்சம் கொடுக்காத வீட்டுக்காரரின் வரி சட்டப்படியே ஏறியது. கார்களின் பின்புறத்தில் ஸ்டிக்கர் முளைத்தது: அந்தக் கள்ள அதிகாரியையே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று.

இந்தக் கோபத்துக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் ஹோவர்ட் ஜார்விஸிடம் அது ஏராளமாக இருந்தது. யூட்டா மாநிலத்தில் 1903இல் பிறந்தவர். பத்திரிகை நடத்தி, பிறகு வீட்டுச் சாமான் தொழிற்சாலை நடத்தி, 1962இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்றால் அவர் வீட்டாருக்குத்தான் ஓய்வு போலிருக்கிறது. மனிதர் நேராக ஊர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். அதே ஆண்டு செனட் பதவிக்குக் கட்சி வேட்பாளராகப் பார்த்தார், தோற்றார். 1977இல் லாஸ் ஏஞ்சலிஸ் மேயர் பதவிக்கு நின்றார், தோற்றார். நடுவில் வரி கட்டுவோர் சங்கங்களை ஒன்று சேர்த்து, சொத்து வரியைக் குறைக்கச் சொல்லி மனு மேல் மனுவாகக் கையெழுத்து வேட்டை நடத்தினார். ஒவ்வொரு முறையும் கையெழுத்து போதவில்லை. ஊர்க்கூட்டங்களில் அவர் பேச எழுந்தால் பலர் கடிகாரம் பார்த்தார்கள்.

சங்கத் தொண்டு போக அவருக்கு ஓர் உத்தியோகமும் இருந்தது: வாடகைக் குடியிருப்பு உரிமையாளர்களின் சங்கத்தில் சம்பளம் வாங்கும் நிர்வாகி. ஏழை வீட்டுக்காரரின் கண்ணீரைத் துடைத்த கையில் எந்தத் துண்டு இருந்தது என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் கலிபோர்னியாவில் வீட்டு விலை வெறி பிடித்து ஏறியது. வீட்டை விற்காமல் அதிலேயே குடியிருப்பவருக்கு விலை ஏறினால் என்ன லாபம்? வரி ஏறும், அவ்வளவுதான். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் தாத்தா பாட்டிகள், தங்கள் வீடு இவ்வளவு பெறும் என்பதை வரி நோட்டீசைப் பார்த்துத் தெரிந்துகொண்டு மயங்கினார்கள்.

அப்போது கவர்னர் ஜெர்ரி பிரவுன். கவர்னர் மாளிகை வேண்டாம் என்று வாடகை ஃபிளாட்டில் குடித்தனம் நடத்தியவர். சொகுசுக் கார் வேண்டாம் என்று பிளைமவுத் காரில் போனவர். கஞ்சத்தனத்தின் பலன், மாநிலக் கஜானாவில் ஏறத்தாழ 500 கோடி டாலர் உபரி சேர்ந்தது. பணம் இல்லாத அரசாங்கம் வரி கேட்டால் ஜனங்கள் முணுமுணுப்பார்கள். மூட்டை கட்டி வைத்துக்கொண்டே கேட்டால் கையெழுத்துப் போடுவார்கள். சொத்து வரி போவது ஊராட்சிக்கும் பள்ளிக்கும், உபரி இருப்பது மாநிலத்திடம், இரண்டும் வேறு வேறு என்று அதிகாரிகள் விளக்கினார்கள். கையில் நோட்டீசோடு நிற்பவரிடம் அதை விளக்கிப் பாருங்கள்.

இந்த முறை ஜார்விஸ், மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் இதேபோல் சங்கம் நடத்திய பால் கானுடன் சேர்ந்தார். தேவைப்பட்டது சுமார் 5 லட்சம் கையெழுத்து. வந்தது 12 லட்சத்துக்கும் மேல். அதுதான் கலிபோர்னியாக்காரர்கள் 'ப்ராப் 13' என்று சொல்லும் மக்கள் தீர்மானம். சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மதிப்பு 1975ஆம் ஆண்டுக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. சொத்து கைமாறினால் புது விலையில் புதுக்கணக்கு. மாநிலம் வரியை உயர்த்த வேண்டுமென்றால் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

பிரவுன் இதை ஏமாற்று வேலை என்றார். ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், ஏன், பெரிய வங்கிகளும் கம்பெனிகளும்கூட எதிரணியில் நின்றன. நூலகம் மூடும், தீயணைப்பு வண்டி வராது, உலகம் அழியும் என்று பிரசாரம். ஓட்டெடுப்புக்குச் சில வாரங்களே இருக்கையில், மே மாதத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் மதிப்பீட்டாளர் ஒரு நற்காரியம் செய்தார். மக்கள் விவரம் தெரிந்து ஓட்டுப் போடட்டும் என்று புது மதிப்பீடுகளைத் திறந்து காட்டினார். ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். பலருக்கு இரட்டிப்பு. ஜார்விஸ் தன் ஆயுள் முழுக்கக் கத்திச் சாதிக்காததை ஒரு நேர்மையான அதிகாரி சில நாட்களில் சாதித்துக் கொடுத்தார்.

1978 ஜூன் 6. நூற்றுக்கு 65 பேர் ஆதரவு. 74 வயதில் ஜார்விஸ் 'டைம்' பத்திரிகையின் அட்டையில் வந்தார். பிரவுனோ அடித்தார் பாருங்கள் ஒரு அந்தர் பல்டி! மக்கள் குரலே மகேசன் குரல் என்று தீர்மானத்தை அவ்வளவு உற்சாகமாக அமல்படுத்தினார், 'ஜெர்ரி ஜார்விஸ்' என்றே பெயர் வாங்கினார். நவம்பரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் மறுபடியும் கவர்னரானார். எதிர்த்த தீர்மானத்தின் முதுகிலேயே ஏறி ஜெயிக்க ஒரு தனித் திறமை வேண்டும்.

சொத்து வரி வரவு பாதிக்கு மேல் விழுந்தது. உலகம் அழியவில்லை, கோடைப் பள்ளிகள் பலவற்றை மட்டும் இழுத்து மூடினார்கள். உபரி மூட்டையை அவிழ்த்து மாநிலம் ஊர்களைக் காப்பாற்றியது. ஊர்ப் பள்ளியின் கடிவாளமும் பணத்தோடு சேர்ந்து சாக்ரமென்டோவுக்குப் போய்விட்டது. அரசாங்கம் தொலைதூரத்தில் இருக்கிறது என்று கோபப்பட்டவர்கள் அதை இன்னும் தூரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

துண்டை மறந்துவிடாதீர்கள். தீர்மானம் ஜெயித்தால் வாடகை குறையும் என்று ஜார்விஸ் வாக்குறுதி கொடுத்திருந்தார். ஜெயித்தது. வாடகைக்காரர்கள் காத்திருந்தார்கள். உரிமையாளர்கள் மிச்சப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல நேரமில்லை. கடுப்பான வாடகைக்காரர்கள் தாங்களும் ஓட்டுச் சீட்டை எடுத்தார்கள். 1979இல் சான்டா மோனிகாவில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. உரிமையாளர் சங்கத்தின் ஊழியர் செய்த சேவையில் இது எதிர்பாராத இனாம். எதிரணியில் நின்ற கம்பெனிகளுக்கோ நிஜமான லாபம். மனிதன் வீட்டை விற்பான், சாவான். கம்பெனி சாகாது, நிலத்தையும் லேசில் விற்காது. பழைய மதிப்பு பத்திரமாக அப்படியே கிடக்கும்.

அதிகக் கொடுமை, பக்கத்து வீடுகளுக்கு இடையில். 1988இல் லாஸ் ஏஞ்சலிஸின் பால்ட்வின் ஹில்ஸில் ஒரு பெண் 1,70,000 டாலருக்குச் சின்ன வீடு வாங்கினார். வரி 1,701 டாலர். அதேபோன்ற வீட்டை 1975 முதல் வைத்திருந்தவருக்கு 358. மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் பெறும் பங்களாவின் பழைய முதலாளி கட்டியதும் கிட்டத்தட்ட இந்த 1,701தான். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1992இல் எட்டு நீதிபதிகள் 'பரவாயில்லை' என்றார்கள். ஒருவர் மட்டும் முகம் சுளித்தார். ஃப்ரீமான்ட், சன்னிவேல் பக்கம் சமீபத்தில் வீடு வாங்கிய நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பாட்டி புன்னகையோடு கையசைப்பதன் காரணம் அவர்களுக்குத் தெரியும்.

கடன் பத்திரக் கதை இன்னும் வேடிக்கை. ஊர் கடன் வாங்கிப் பள்ளிக்கூடம் கட்ட மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்பது 1879 முதலே இருந்த விதி. ப்ராப் 13 போட்ட 1 சதவீத மூடியில் புதுக் கடனுக்கு இடமே வைக்கவில்லை. அதைத் திருத்த 1986 ஆயிற்று. பிறகும் நூறு பேரில் 66 பேர் 'கட்டலாம்' என்றால் 34 பேர் ஜெயித்தார்கள். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் பாதிக்கு மேல் இருந்தால் போதும் என்று கேட்டுப் பார்த்தார்கள், தோல்வி. நவம்பரில் பேரம் பேசிப் பள்ளிகளுக்கு மட்டும் 55 சதவீதம் என்று முடித்தார்கள். ஊர்கள் வரிக்குக் 'கட்டணம்' என்று வேஷம் கட்டிவிட்டால் அதையும் பிடிக்க 1996இல் இன்னொரு தீர்மானம். கொண்டுவந்தது ஜார்விஸ் பெயரில் இயங்கும் சங்கம். அவர் 1986இலேயே காலமாகிவிட்டார். வெற்றி மயக்கத்தில் 1980இல் வருமான வரியையும் பாதியாக்கப் பார்த்துத் தோற்றார். அதே ஆண்டு 'ஏர்பிளேன்!' படத்தில் தலைகாட்டினார்: ஓட்டுநர் இறங்கிப் போய்விட்ட டாக்சியில், ஓடும் மீட்டரைப் பார்த்தபடி படம் முடிந்த பிறகும் உட்கார்ந்திருக்கும் பயணி. நடிப்பில் குறை சொல்ல முடியாது.

2003இல் கவர்னர் தேர்தலில் நின்ற ஆர்னால்ட் ஷ்வார்ஸ்னெகர், ஆலோசனைக்கு வாரன் பஃபெட்டை அழைத்தார். பஃபெட் வாய் திறந்தார். ஓமஹாவில் 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 14,410 டாலர் வரி கட்டுகிறேன், லகூனா பீச்சில் 40 லட்சம் டாலர் வீட்டுக்கு 2,264தான் கட்டுகிறேன் என்றார். கலிபோர்னியாவில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார்! இன்னொரு முறை ப்ராப் 13 என்று உச்சரித்தால் 500 சிட்-அப் எடுக்க வேண்டும் என்று ஷ்வார்ஸ்னெகர் பகிரங்கமாகச் சொன்னார். உலகத்தின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர் 'என்னிடம் இன்னும் வரி வாங்குங்கள்' என்று கேட்டு, தண்டனை பெற்ற இடம் வேறெங்கும் இருக்காது.

லகூனா வீட்டை அவர் 2018இல் 75 லட்சம் டாலருக்கு விற்றார். வாங்கியவருக்கு அடிப்படை வரி மட்டும் ஆண்டுக்கு 75,000 டாலர்.